குகைக்குள் என் மகன் பிடித்த கை

ஆந்திராவில் பூமிக்கு அடியில் ஒரு குகை இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று என் மகன் சொன்னபோது என்னை மட்டும்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததில் தப்பில்லை. பூமிக்கு அடியில் என்றால் அது எங்கள் வீட்டு சமாச்சாரம். என் வீட்டுக்காரர் ஒலக்கூர் சுற்றுவட்டாரம் முழுக்கக் கிணறு வெட்டியவர். நானும் அவரோடு இறங்கி மண் அள்ளினேன், கூடையில் கல் சுமந்தேன். மகன் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தேன். அந்த மகன் இப்போது திண்டிவனத்தில் பொக்லைன் ஓட்டுகிறான். அப்பன் கடப்பாரையால் தோண்டியதை மகன் மிஷினில் தோண்டுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

செல்போனில் அந்தக் குகையைக் காட்டினான். பாறைக்குள்ளே தெரு மாதிரி போகிறது. மனுஷன் வெட்டவில்லையாம், தண்ணீரே அரித்து அரித்து வெட்டியதாம். தண்ணீர் எங்கே மோதியது, எங்கே திரும்பியது என்று படத்திலேயே எனக்குத் தெரிந்தது. அப்பா இருந்தால் இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசியிருப்பார் என்று அவனிடம் சொன்னேன். அதுக்குத்தாம்மா உன்னைக் கூப்பிடுறேன் என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, சம்பந்தியும் வருகிறாள் என்று.

சம்பந்தி என்றால் என் மருமகளுடைய அம்மா. விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவளும் என்னைப் போலப் புருஷனை இழந்தவள்தான், அவளுக்கும் ஒரே பிள்ளைதான். ஆனால் அவள் படித்தவள். நான் வயசான காலத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள். பஸ்ஸில் ஊர்ப்பெயரை நான் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பேனா, எனக்குக் கூடை. என் கூடையில் எத்தனை கிணற்று மண் வெளியே வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

எனக்குப் பொறுக்காதது வேறு. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரில் நின்று பேசமாட்டாள். என் அம்மா என் வீட்டுக்காரரோடு பேசியதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றுதான். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லும்மா என்று என்னிடம் சொல்வாள். அவர் மூன்று அடி தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் வேறு ஒருதரம் திருப்பிச் சொல்ல வேண்டும். சாகும்வரை அப்படித்தான் இருந்தாள். இந்தச் சம்பந்தியோ கல்யாணமான மறுவாரமே என் மகனோடு போனில் பேச ஆரம்பித்துவிட்டாள். மாப்ள சாப்பிட்டீங்களா, மாப்ள வெயில்ல நிக்காதீங்க. அவனும் அத்தை, அத்தை என்று அரைமணி நேரம் பேசுவான். எனக்குப் போன் பண்ணினால், என்னம்மா, சரிம்மா, வெச்சிடட்டாம்மா என்று மூன்று வார்த்தை.

குகைக்குப் போகிற அன்றைக்கு அவன் ஒரு புதுச்சட்டை போட்டிருந்தான். தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். அத்தை தைத்தது என்றான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. காலர் கொஞ்சம் தூக்கலா இருக்குதே என்றேன். அப்படி ஒன்றும் இல்லை.

விடியற்காலையில் கிளம்பினோம். அவனுடைய கூட்டாளியின் காரை வாங்கி வந்திருந்தான். மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கு முன்சீட்டு என்று நான் கதவைத் திறக்கப் போனேன். அத்தைக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும்மா என்றான். சரி என்று பின்னால் ஏறினேன். வேலூர் தாண்டி, சித்தூர் தாண்டி, கடப்பா வரைக்கும் நான் பார்த்ததெல்லாம் அவளுடைய கொண்டையும் என் மகனுடைய ஒரு காதும்தான். வழியில் ஒரு புளியமரத்தடியில் சாப்பிட்டோம். நான் புளிச்சோறும், வேர்க்கடலையை வறுத்து அரைத்த மல்லாட்டைத் துவையலும் கட்டியிருந்தேன். அவள் எலுமிச்சைச் சோறு கொண்டுவந்திருந்தாள். மகன் இரண்டையும் சாப்பிட்டான். மறுசோறு எதைக் கேட்டான் என்று நான் சொல்லப்போவதில்லை.

குகை வாசலில் பெரிய போர்டு இருந்தது. தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை. சம்பந்தி போர்டுக்குப் பக்கத்தில் போய், மூக்கு முட்டுகிற மாதிரி நின்று, இங்கிலீஷைப் படித்துப் படித்து என் மகனுக்குச் சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டு கேட்டான். அவனும் படித்தவன்தான், அவனே படித்திருக்கலாம்.

எங்களைக் கூட்டிப்போக ஒரு கைடு வந்தான். முப்பது வயசு இருக்கும். சித்தூர்ப் பக்கத்துக்காரன் போல, அரைத் தமிழ் பேசினான். வேலூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தையும் எங்களோடு சேர்த்துக்கொண்டான். பூமியில் ஒரு பெரிய பள்ளம், அதற்குள் இரும்புப் படி இறங்குகிறது. படியின் மேல்முனையில் நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

இது கோயில் இல்லை அத்தை, உள்ளே ஈரம், வழுக்கும், போட்டுக்கொண்டே வாங்க என்று மருமகள் சொன்னாள். கோயில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பூமியைத் திறந்த இடத்துக்குள் செருப்போடு இறங்கினால் என் வீட்டுக்காரர் வேலையையே நிறுத்திவிடுவார். ஒருதரம் கிணற்றுச் சொந்தக்காரரே செருப்போடு இறங்கியபோது, நீங்க மேல போங்க, அப்புறம் நாங்க வெட்டுறோம் என்று சொன்னவர். அதைச் சொன்னேன். இருக்கட்டும் அம்மா, யாரும் எடுக்கமாட்டார்கள் என்று கைடு சிரித்தான். வேலூர்க்காரர்களும் சிரித்தார்கள். நான் படியில் திரும்பி நின்று, கிணற்றில் இறங்குகிற மாதிரி படிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக இறங்கினேன். அப்படித்தான் எனக்கு இறங்கத் தெரியும்.

அப்படி இறங்கியதால்தான் அதைப் பார்த்தேன். படி இரண்டாவது தடவை வளைகிற இடத்தில் வெளிச்சம் குறைந்தது. எனக்கு மேலே சம்பந்தி நின்றுவிட்டாள். கையை முன்னால் நீட்டினாள். என் மகன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி இருக்கிறது, பிடிக்க அதற்கென்ன குறை. கீழே இறங்கிய பிறகாவது விட்டார்களா என்று பார்த்தேன். விடவில்லை.

உள்ளே புழுக்கம். கிணற்றின் அடியில் மத்தியானம் நிற்கிற மாதிரி காற்றில்லாத புழுக்கம். குழாய் வைத்துக் காற்றை உள்ளே ஊதுகிறார்கள். அங்கங்கே மஞ்சள் விளக்கு. மேலே பாறையிலிருந்து கல்லெல்லாம் பசு மடிக் காம்பு போலத் தொங்குகிறது, நுனியில் சொட்டு நிற்கிறது. கைடு டார்ச்சு அடித்து, இது சிங்கம், இது ஆலமரத்து விழுது, இது படமெடுத்த பாம்பு என்று காட்டிக்கொண்டே போனான். சம்பந்தி எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றாள். எனக்குச் சிங்கமும் தெரியவில்லை, பாம்பும் தெரியவில்லை. சுவரில் இடுப்பு உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. அதற்குக் கீழே இன்னொன்று, இன்னொன்று. வறட்சி வருஷத்தில் கிணற்றுத் தண்ணீர் இறங்க இறங்கக் கல்லில் விழுகிற அதே கோடு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மகனைக் கூப்பிட்டு, இங்க பாருடா, தண்ணி நின்ன கோடு என்றேன். அவன் காதில் விழவில்லை. பார்த்து வாங்க அத்தை, இங்கே ஒரு படி என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சொன்னேன். எல்லார் காதிலும் விழும்படியாகச் சொன்னேன்.

"எங்க பக்கம் மாமியாருங்க மருமகப்புள்ள கையப் புடிச்சிக்கினு ஊர்கோலம் போற வழக்கம் இல்ல சம்பந்தி. விழுப்புரத்துல உண்டோ இன்னாவோ."

குகைக்குள் பேச்சு தானே பெரிசாகும். வேலூர்க்காரப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சம்பந்தி கையை விட்டுவிட்டாள். மகன் என்னை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். மருமகள் வேறு பக்கம் பார்த்தாள். எனக்குக் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது.

சம்பந்தி என்ன செய்தாள் என்றால், சுவரைத் தடவிக்கொண்டே நேராக என்னிடம் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க கூட்டிக்கினு போங்க அண்ணி. அதுல வழக்கம் ஒன்னும் கெடாதில்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம். உதறவும் முடியாது, வேலூர்க்காரர்கள் பார்க்கிறார்கள். அவள் உள்ளங்கை சில்லென்று வேர்த்திருந்தது. கை காலியான என் மகன் பெண்டாட்டியோடு முன்னால் போய்விட்டான். இருவரும் தொங்குகிற கல்லுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவனோடு நடக்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். என் வாயாலேயே அவனை முன்னால் அனுப்பிவிட்டுச் சம்பந்தியை இழுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன்.

படி, பள்ளம், குனி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். மேலே பாறை தாழ்ந்து வந்தது, நன்றாகவே தெரிகிற பாறை. அவள் குனியாமல் நேராக நடந்தாள். நான்தான் கடைசி நேரத்தில் அவள் தலையில் கையை வைத்து அழுத்த வேண்டியதாயிற்று. என்ன இவள், இவ்வளவு பெரிய பாறை கண்ணில் படவில்லையா என்று நினைத்தேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

அகலமான ஒரு இடத்தில் சிமெண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பொந்து. தலையில் விளக்கு வைத்த தொப்பி போட்டுக்கொண்டு தவழ்ந்து போனால் முடிவில் ஒரு ஊற்று இருக்கிறது என்று கைடு சொன்னான். இரண்டு இரண்டு பேராகத்தான் விடுவானாம், வயசானவர்கள் பெஞ்சில் உட்காரலாமாம். மகன் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பெண்டாட்டியோடு பொந்துக்குள் நுழைந்தான். அந்தப் பொந்தில் அவனைவிட நான் லாவகமாகப் போவேன். வாய் திறந்து கேட்டிருக்கலாம். சம்பந்தி என் கையை விடவில்லை.

அவர்கள் குரல் தூரமாகப் போனதும் அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினாள்.

"ஒன்னு சொல்றேன் அண்ணி, என் பொண்ணுகிட்ட சொல்லாதீங்க. வெளிச்சம் கொறஞ்சா எனக்கு ஒன்னுமே தெரிய மாட்டேங்குது. அந்த இரும்புப் படியிலயே நின்னுட்டேன். மாப்ள கை இல்லன்னா விழுந்திருப்பேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் விழுப்புரத்து வீட்டைப் பூட்டிவிட்டு என்னைத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள், விழுப்புரத்தில்தான் தையல் கற்க வருகிற பெண்கள் இருக்கிறார்கள், என் மிஷின் இருக்கிறது, என் அடுப்பு இருக்கிறது என்றாள். நானும் ஒலக்கூரில் தனியாகத்தான் இருக்கிறேன். மகன் எத்தனையோ தடவை கூப்பிட்டும் போகாமல் இருக்கிறேன். ஆகவே அவள் சொன்னது எனக்குப் புரியவேண்டும். புரிந்தது. ஆனால் முதலில் புரிந்தது வேறு. இவள் திண்டிவனத்துக்கு வந்துவிட்டால் தினமும் என் மகனுக்குச் சோறு போடுவாள், வேலை முடிந்து வந்ததும் அவன் முதலில் பார்க்கிற முகம் இவள் முகமாக இருக்கும். அதை நினைத்ததும், சொல்லமாட்டேன் சம்பந்தி என்று அவள் உள்ளங்கையில் என் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். அவள் நல்லதுக்காகச் செய்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மகன் முட்டியெல்லாம் சேறாகத் திரும்பி வந்தான். மருமகள் அவன் பின்னால் வந்து தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"நீ வாம்மா. அப்பா வெட்டுன கெணத்துல ஊத்துக்கண்ணு தொறக்குமே, அதே மாதிரி வருது. நீ பாக்காம இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்த."

எழுந்த வேகத்தில் சம்பந்தியின் கையை எப்படி விட்டேன் என்றே தெரியவில்லை. கொண்டையை அவிழ்த்து முடிந்து தொப்பியை மாட்டினேன். புடவையை வாரிச் செருகினேன். கைடு என் வயசைப் பார்த்துத் தயங்கினான். எங்க அம்மா கிணறு வெட்டினவங்க என்று மகன் அவனிடம் சொன்னான். அந்த வார்த்தை போதும் எனக்கு.

அவன் வேறு தொப்பி வாங்கிக்கொண்டு முன்னால் போனான். நான் பின்னால். ஈரப்பாறை முட்டிக்குக் கீழே குளிர்ச்சியாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவன் பாதங்கள் என் முகத்துக்கு எதிரில் போய்க்கொண்டிருந்தன. குறுகலான இடத்தில் கையைப் பின்னால் நீட்டினான். அந்தக் கை எனக்குத் தேவையே இல்லை. இருந்தாலும் பிடித்தேன். தோண்டித் தோண்டிக் காய்த்துப்போன அவன் அப்பன் கை போல இல்லை, லிவர் பிடிக்கிற கை, மெத்தென்று இருந்தது. தூரத்தில் தண்ணீர் சலசலப்பது கேட்டது. இங்கே எந்தச் சம்பந்தியும் வரமுடியாது என்று நினைத்தேன்.

அப்போது அவன் நின்றான். திரும்பாமலே பேசினான்.

"அத்தையும் வந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க. அவங்கள இன்னாத்துக்கும்மா எல்லார் எதிர்லயும் அப்படிப் பேசின?"

இந்த இடத்தில்கூட அத்தையா என்று எனக்கு வயிறு எரிந்தது. வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அவ எங்கடா இங்க வர்றது. இருட்டுல கண்ணு தெரிஞ்சாத்தானே."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவன் என்ன சொன்னே என்றான். ஒன்னுமில்லடா என்றேன். மறுபடி கேட்டான். சொன்னேன், ஒரு வருஷமாக இருப்பதையும் சொன்னேன். அவ்ளோ பள்ளத்துலயும் நான் கையை விட்டுட்டு முன்னால போயிட்டேனே என்று முணுமுணுத்தான். திரும்பும்மா, போலாம் என்றான்.

ஊற்று பக்கத்தில்தான் இருந்தது. நாலு முழம்தான் இருக்கும். பாத்துட்டுப் போலாம்டா என்றேன். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னேன், நான் யாரிடமும் அப்படிப் பேசுவதில்லை. அவங்க அங்க இருட்டுல உக்காந்திருக்காங்கம்மா என்றான். அவள் பெண் பக்கத்தில் இருக்கிறாளே என்று சொல்ல வந்து சொல்லாமல் விட்டேன். திரும்ப அங்கே இடமில்லை. நான் பின்னால் இருந்ததால் நான்தான் முதலில் போகவேண்டும். காலை முன்னால் விட்டு, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு, வந்த வழியே பின்பக்கமாக நகர்ந்தேன். தண்ணீர்ச் சத்தம் குறைந்துகொண்டே போயிற்று.

வெளியே வந்ததும் அவன் பெஞ்சுக்கு எதிரில் குந்தினான். அத்தை, கண்ணு தெரியலையா என்று கேட்டான். மருமகள் திடுக்கிட்டுத் தன் அம்மாவைப் பார்த்தாள். சம்பந்தி முகத்தைத் தூக்கினாள். நான் பொந்துக்கு அருகில் சேறும் சகதியுமாக நின்றிருந்தேன். அவள் என்னைத்தான் தேடினாள். அவள் பார்வை எனக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் போய் நின்றது. நான் நகர்ந்து அதற்கு எதிரில் போய் நிற்கவில்லை.

திரும்பி நடக்கையில் ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மருமகள், நடுவில் அவள். நான் கடைசியாக நடந்தேன். ஒரு தடவைகூடக் கால் வழுக்கவில்லை. வழுக்கியிருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

ஊருக்கு வந்த வாரமே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். புரை முற்றியிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். ஆபரேஷன் ஆயிற்று. விழுப்புரத்து வீடு பூட்டியாகிவிட்டது. சம்பந்தி திண்டிவனத்தில் என் மகன் வீட்டில் இருக்கிறாள். மருமகள் மருந்துக்கடை வேலைக்குப் போகவேண்டும், மகன் வண்டிக்குப் போகவேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளை கண்ணுக்குச் சொட்டு மருந்து போட ஆள் வேண்டும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே காலை பஸ்ஸைப் பிடித்து ஒலக்கூரிலிருந்து போய் நின்றேன்.

முதல் நாள் இமையைத் தூக்கி மருந்து விட்டபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"சத்தியம் பண்ணீங்களே அண்ணி."

சொல்லியிருக்காவிட்டால் எங்கேயாவது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருப்பீர்கள் என்றேன். நல்ல பதில்தான். மருமகளிடமும் அதையேதான் சொன்னேன், என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆனால் அந்தப் பொந்துக்குள் இவள் விழுவதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. சம்பந்திக்கும் அது தெரிந்திருக்கும். இமையைத் தூக்கி அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறபோது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் மறைக்க முடிவதில்லை. கண் தெளிந்த பிறகு ஒருநாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, உங்க மூக்குத்தியில ஒரு கல்லு விழுந்துபோயிருக்கே அண்ணி, இத்தினி நாளா எனக்குத் தெரியலையே என்றாள். நாலு வருஷமாக யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன்.

சாயங்காலம் மகன் வருகிற வண்டிச் சத்தம் கேட்டால் நான் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். அந்த வேலையை அவளுக்கு விடுவதில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே அவன் கேட்பது, அத்தைக்கு மருந்து போட்டியாம்மா என்றுதான். போட்டாச்சு என்கிறேன். நான் சாப்பிட்டேனா என்று அதற்கு அப்புறம் கேட்கிறான்.